தீனி எடுத்துச்சா, அம்மிணி?

எங்கள் வீட்டில் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தால், திண்ணையில் இருக்கும் கினிப்பன்றிக் கூண்டுக்குத்தான் முதலில் சேதி போகும். காகிதம் சரசரத்த உடனே "வீக், வீக்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். 2021 மார்ச்சில் ஒரு காலை கட்டைப் பிரித்தேன். ஒரு குரல்தான் வந்தது. பொரி கம்பியில் முன்கால்களை வைத்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். கடலை மூலையில் உட்கார்ந்திருந்தான், முடியெல்லாம் சிலிர்த்து, கண் பாதி மூடி, சுருட்டி வைத்த கம்பளி உருண்டை மாதிரி.

முந்தின நாள் சாயங்காலமே அத்தை, அதாவது என் மாமியார், கேட்டார். பால் கறந்துவிட்டு வந்தவர், போசியைக் கீழே வைக்காமலே கூண்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இது தீனி எடுத்துச்சா, அம்மிணி? மொகமே சரியில்லையே" என்றார். "தும்மல் இருந்துச்சுங்க அத்தை. மருந்து குடுத்திருக்கேனுங்க, சரியாயிரும்" என்றேன். அந்த மருந்துதான் அவனைக் கொன்றுகொண்டிருந்தது. மறுநாள் மதியத்துக்குள் கடலை போய்விட்டான்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் ஒரு தோட்டத்து வீடு. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். என் மாமியார் நாற்பது வருடமாக மாடு வளர்க்கிறார். நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். 2020 கடைசியில், பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நாட்களில், மகள் ஆசைப்பட்டாள் என்று கோயம்புத்தூரில் ஒரு கடையிலிருந்து இரண்டு கினிப்பன்றிகளை வாங்கி வந்தோம். வெள்ளைக்குப் பொரி, பழுப்புக்குக் கடலை என்று அவளே பெயர் வைத்தாள். இரண்டும் பெட்டை என்றுதான் கடையில் சொன்னார்கள். கடலை இறந்து மூன்றாவது வாரம் பொரி ஒரு குட்டி போட்டாள். அதற்குப் பெயர் அவல்.

கடலைக்கு நான் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது. இரண்டு நாளாகத் தும்மினான். பிரிட்ஜ் கதவில் மகளுக்கு வாங்கிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் மிச்சம் இருந்தது. குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே, இத்தனை சின்ன உயிருக்கு நாலு சொட்டு கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். மூன்று நாள் கொடுத்தேன். தும்மல் குறைந்தது, பேதி ஆரம்பித்தது. அப்புறம் தீனி நின்றது.

பிறகு மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு டாக்டர் எனக்கு இதை விளக்கினார். 1955-இலிருந்து இருக்கிற கல்லூரி அது, திருச்சூருக்குப் பக்கத்தில். மாட்டுக்கு முன்வயிறு செய்கிற வேலையைக் கினிப்பன்றிக்குக் குடலின் பின்பகுதியில் இருக்கும் சீக்கம் என்ற பெரிய பை செய்கிறது. புல்லைப் புளிக்க வைத்துச் செரிக்க உதவும் நல்ல பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் வாய்வழி உள்ளே போனால் அந்த நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். நமக்குத் தொண்டை வலி போக்குகிற மருந்து அதற்குக் குடல் விஷம். அதற்குப் பொருந்துகிற ஆன்டிபயாடிக் வேறு இருக்கிறது, அதை டாக்டர் எடைபோட்டு எழுதித் தருவார். வீட்டில் மிச்சம் இருக்கும் சிரப்பை மட்டும் தொடாதீர்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அத்தைக்கு முந்தின நாளே தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? அவர் கினிப்பன்றியை அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. ஆனால் தொழுவத்துக்குள் நுழையும்போதே எந்த மாடு சரியில்லை என்று சொல்லிவிடுவார். மூக்கு நுனியில் பனி பூத்த மாதிரி ஈரம் இருக்கிறதா, அசை போடுகிறதா, சாணி எப்படி விழுந்திருக்கிறது, காது எப்படித் தொங்குகிறது என்று ஒரு பார்வையில் பார்த்துவிடுவார். நோய் எது என்று அவருக்குத் தெரியாமல் போகலாம். நேற்று மாதிரி இன்று இல்லை என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும்.

கினிப்பன்றிக்கு அந்தக் கண் இன்னும் அதிகமாகவே வேண்டும். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல ஆயிரம் வருடங்களாக மனிதர்கள் இறைச்சிக்காக வளர்த்து வந்த பிராணி இது. பெரு நாட்டில் இன்றைக்கும் அடுப்படியில் வளர்க்கிறார்கள். கழுகுக்கும் நரிக்கும் இரையான சாதி. கூட்டத்தில் நோஞ்சானாகத் தெரிவதைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் வலியை வெளியே காட்டாது. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் வாயில் ஒரு புல்லைக் கவ்விக்கொண்டு நிற்கும். விழுங்கியிருக்காது. "நேற்றுவரைக்கும் நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று செத்துவிட்டது" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது திடீரென்று நடந்திருக்காது. நாலைந்து நாளாக நடந்திருக்கும்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் புழுக்கை. அத்தை சாணியைப் பார்க்கிற மாதிரி நான் தினமும் புழுக்கையைப் பார்க்கிறேன். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் கினிப்பன்றி ஒரு நாளைக்கு நூறுக்கு மேல் போடும். பெரிய சீரகச் சம்பா அரிசி மாதிரி நீள்வட்டமாக, இரண்டு முனையும் மழுங்கி, ஒரே அளவில், கரும்பழுப்பாக இருக்கும். விரலில் நசுக்கினால் உள்ளே புல் நார் தெரியும். நாற்றம் கிடையாது. சின்னதாகிவிட்டால் தின்பது குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு முனை வால் மாதிரி இழுத்துக்கொண்டு, இரண்டு மூன்று நூல் கோத்த மாதிரி ஒட்டி வந்தால் குடல் மெதுவாகிவிட்டது. பின்பக்கம் முடியில் அப்பிக்கொண்டு இளகி வந்தால் அன்றைக்கே டாக்டர். தண்ணீராகப் போனால் அவசரம், இரவாக இருந்தாலும் போன் பண்ணுங்கள். இடையில் ஒன்று: அது குனிந்து தன் புழுக்கையைத் தானே வாயில் வாங்கித் தின்பதைப் பார்த்து என் மகள் முதலில் அழுதாள். அது நோய் இல்லை. மென்மையாக வருகிற ஒரு வகைப் புழுக்கையில் சத்து மிச்சம் இருக்கும், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மாடு அசை போடுவதை வேறு வழியில் செய்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கூண்டில் இரண்டு இருந்தால் எந்தப் புழுக்கை யாருடையது என்று தெரியாது. இரண்டாக வளர்ப்பதுதான் நல்லது, தனியாக இருந்தால் அது ஏங்கிப்போகும். அதனால்தான் எடை. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். அடுக்களையில் மாவு நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறதே, அதன் மேல் ஒரு அலுமினியப் போசியை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, போசிக்குள் ஒரு துணியும் ஒரு கொத்தமல்லித் தண்டும் போட்டு, பொரியை இறக்கிவைப்பேன். தண்டைக் கடித்துக்கொண்டு அவள் அசையாமல் நிற்கிற அந்த ஐந்து வினாடியில் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, தீனி வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வாரமும். எழுதாமல் விட்ட பால் சொசைட்டி நோட்டு ஒன்றில் "பொரி", "அவல்" என்று இரண்டு பத்தி போட்டு வைத்திருக்கிறேன். லிட்டர் எழுத வேண்டிய இடத்தில் கிராம்.

வளர்ந்த பெட்டை 700-இலிருந்து 900 கிராம், கடுவன் 900-இலிருந்து 1,200 கிராம் என்று சொல்வார்கள். இந்தக் கணக்கைவிட உங்கள் வீட்டுப் பிராணியின் போன வார எண்தான் முக்கியம். 20, 30 கிராம் ஏறும், இறங்கும். மூத்திரம் போனாலே மாறும். 50 கிராம் குறைந்தால் நான் தினமும் நிறுக்க ஆரம்பிப்பேன். 100 கிராம் குறைந்தால் வேறு எந்த அடையாளமும் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் போவேன். முடி புசுபுசுவென்று இருப்பதால் மெலிவது கண்ணுக்குத் தெரியாது. கையால் தூக்கிப் பார்ப்பவருக்கும் தெரியாது, தினமும் தூக்குகிறவர் என்றால் சுத்தமாகத் தெரியாது. தராசுக்கு மட்டும் தெரியும்.

2022 கோடையில் நோட்டில் பொரியின் எண் 910, 895, 860 என்று இறங்கியது. பசி இருந்தது. கத்தினாள், ஓடி வந்தாள், ஆனால் ஓடி வருவதில் ஒரு தயக்கம். பின்னங்காலை ஊன்றவில்லை, தூக்கினால் கீச்சென்று கத்தினாள். அத்தை காலைத் தடவிப் பார்த்து, "சுளுக்கு மாதிரி இருக்குது கண்ணு, வெளக்கெண்ணெய் தடவலாம்" என்றார். முழங்கால் பக்கம் லேசாக வீங்கியிருந்தது. முடியின் பளபளப்பு போய், மாட்டுக் கொட்டகையில் நனைந்து காய்ந்த சாக்கு மாதிரி இருந்தது.

இங்கேதான் மாட்டுக் கண் தடுமாறும் இடம் வருகிறது. மாடு, ஆடு, நாய், பூனை எல்லாம் வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். அத்தையின் நாற்பது வருட அனுபவத்தில் அந்தச் சத்துக் குறைந்து விழுந்த மாடு ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை. கினிப்பன்றியால் அது முடியாது. மனிதர்களும் குரங்குகளில் பலவும் எப்படியோ அப்படித்தான் இதுவும். அதைத் தயாரிக்கும் என்சைம் ஒன்று இதன் உடம்பில் இல்லை. கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வரும்: மூட்டில் வீக்கம், நடக்க மறுப்பது, ஈறில் ரத்தக் கசிவு, முடி முரடாவது, புண் ஆறாமல் இருப்பது, பேதி. 1907-இல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர், கப்பல்காரர்களுக்கு வரும் ஒரு நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்தபோது, அவற்றுக்கு மனிதனுக்கு வருகிற மாதிரியே ஸ்கர்வி வந்தது. வைட்டமின் சி என்று பின்னால் பெயர் பெற்ற பொருளைத் தேடிப் போன பாதையில் அது ஒரு பெரிய படி. நம் பல் ஈறு இன்றைக்குக் கெட்டியாக இருப்பதில் இந்தப் பிராணிக்குப் பங்கு இருக்கிறது என்று நினைக்கும்போது அதன்மேல் எனக்குத் தனி மரியாதை வருகிறது.

பொரிக்குக் குறைந்தது எதனால் என்றால், கடையில் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்த பெல்லட் என்ற குச்சித் தீனி. எந்தத் தேதியில் தயாரித்தது என்று யாருக்கும் தெரியாது. பெல்லட்டில் சேர்க்கிற வைட்டமின் சி வெயிலிலும் காற்றிலும் கரைந்துபோகும், தயாரித்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனால் நம்ப முடியாது. தண்ணீர் பாட்டிலில் சொட்டு மருந்து கலந்து வைப்பதும் அப்படித்தான், சீக்கிரம் வீரியம் போய்விடும், சுவை மாறினால் தண்ணீரே குடிக்காமல் விட்டுவிடும். உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10-இலிருந்து 30 மில்லிகிராம் வேண்டும், சினையாக இருந்தாலோ நோயில் கிடந்தாலோ மேல் அளவு. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அப்படியென்றால் கட்டைவிரல் அளவு ஒரு துண்டு, 10 கிராம், பொரிக்குப் போதும். இனிப்பு என்பதால் தினமும் கொடுக்காமல் ஒரு நாள் கொய்யா, மற்ற நாட்களில் வேலந்தாவளம் மார்க்கெட்டில் வாங்கும் குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி என்று மாற்றிக்கொடுக்கிறேன். முருங்கைக்கீரையில் வைட்டமின் சி நிறைய இருந்தாலும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய, அதனால் எப்போதாவது ஒரு காம்பு. டாக்டர் எழுதிய சொட்டு மருந்தோடு இதுவும் சேர்ந்து, ஒரு வாரத்தில் பொரி காலை ஊன்றினாள். மூன்றாவது வாரம் கூண்டில் குதித்தாள்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது, வெயில். கேரளம் என்றால் பச்சை, மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு. கினிப்பன்றி மலை நாட்டுப் பிராணி. 26 டிகிரிக்கு மேலே போனாலே அதற்குப் புழுக்கம், 30-ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்கு வியர்க்காது. நாய் மாதிரி நாக்கைத் தொங்கவிட்டுச் சமாளிக்கவும் தெரியாது. தரையில் பக்கவாட்டாக நீட்டிப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, வாயோரம் எச்சில் ஒழுகி, காது தொட்டால் சுட்டால், அது தூங்கவில்லை, வெயில் தாக்கிவிட்டது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றிக் கொடுத்து, வண்டியை எடுக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. கோடையில் நான் கூண்டைத் திண்ணையிலிருந்து எடுத்து உள்ளறையில் சிமெண்டுத் தரைமேல் வைத்துவிடுவேன். பழைய மண்பானை ஒன்றைப் படுக்க வைத்துக் கொடுத்திருக்கிறேன், அவலுக்கு அதற்குள்தான் மத்தியானம். தகரக் கூரை போட்ட இடத்தில் எவ்வளவு நிழல் இருந்தாலும் வைக்காதீர்கள்.

பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் 20 பல். அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். காய்ந்த புல்லை மணிக்கணக்கில் மென்றால்தான் தேயும். பெல்லட்டும் காயும் மட்டும் கொடுத்தால் தேயாது, கடைவாய்ப்பல் வளைந்து நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும். அப்போது நீங்கள் பார்ப்பது என்னவென்றால், தீனியைக் கண்டதும் ஆசையாக ஓடி வரும், வாயில் எடுக்கும், மெல்ல முடியாமல் கீழே போட்டுவிடும். தாடையும் கழுத்தும் எச்சிலில் நனைந்து முடி ஒட்டியிருக்கும். கெட்டியானதை விட்டுவிட்டு மெத்தென்றதை மட்டும் தேடும். "பசி இருக்குதே, அப்புறம் என்ன நோய்?" என்று விட்டுவிடக் கூடாத இடம் இது. முன்பல்லைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவுக்கு வரவும் முடியாது, தொல்லை பெரும்பாலும் உள்ளே கடைவாயில் இருக்கும், அதற்குக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் அருகம்புல்லை அறுத்து நிழலில் காயவைத்துக் கொடுக்கிறோம். வைக்கோலைப் படுக்கையாகப் போடலாம், தீனியாக அதில் சத்து போதாது. குதிரைமசால் மாட்டுக்கு நல்லது என்று அத்தை ஒரு கை அள்ளிப் போடுவார். வளர்ந்த கினிப்பன்றிக்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மூத்திரப் பையில் கல் சேரலாம். மூத்திரம் போகும்போது முதுகைக் கூனிக்கொண்டு கீச்சிட்டால், துணியில் ரத்தக்கறை தெரிந்தால், கல்லாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். குட்டிக்கும் சினைக்கும் மட்டும் குதிரைமசால் என்று இப்போது அத்தையே பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

சளி, தும்மல். ஒன்றிரண்டு தும்மல் தூசியால் வரும். கண்ணோரம் பொறுக்குத் தட்டினால், மூக்கு ஒழுகினால், முன்னங்கால் உட்பக்கத்து முடி ஒட்டிக் கிடந்தால் (மூக்கை அதால்தான் துடைக்கும்), மூச்சு விடும்போது கிளிக் கிளிக் என்று சத்தம் வந்தால், வயிறு துருத்தி போல் ஏறி இறங்கினால், அது நிமோனியா பக்கம் போகிறது. காத்திருக்க நேரமில்லை. முயலோடு ஒரே கூண்டில் வளர்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: முயலும் நாயும் எந்த நோயும் காட்டாமல் சுமக்கும் போர்டெடெல்லா என்ற கிருமி கினிப்பன்றிக்கு வந்தால் நுரையீரலைப் பிடிக்கும். கடலையின் தும்மல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது, கடையில் முயல் கூண்டுக்குக் கீழ் அடுக்கில் அவன் இருந்தது ஞாபகம் வந்தது. இன்னொரு விஷயம், கண்ணிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக ஒரு சொட்டு வந்து, அதை எடுத்து முகம் கழுவிக்கொள்வதைப் பார்த்தால் பயப்படாதீர்கள். அது அதன் இயல்பு.

தோலில் வருகிறதை அதிகம் விவரிக்கவில்லை. மைட் என்ற சொறிப்பூச்சி வந்தால் வெறி பிடித்த மாதிரி சொறியும், முதுகில் தொட்டாலே துடிக்கும், சிலவற்றுக்கு வலிப்புகூட வரும். டாக்டர் மருந்தில் தீர்ந்துவிடும். மூக்கைச் சுற்றி வட்டமாக முடி கொட்டிப் பொறுக்குத் தெரிந்தால் படர்தாமரை, அது தூக்குகிற குழந்தையின் கைக்கும் வரும். வயதான பெட்டைக்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால் சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் நல்லவர். காலையில் சினை ஊசிக்கு வரிசை நிற்கும் இடத்தில் அட்டைப் பெட்டியோடு நான் போய் நின்றபோது, "தீற்ற எடுக்குன்னில்ல சாரே" என்று, தீனி எடுக்கவில்லை என்பதை எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். உடனே உள்ளே கூப்பிட்டார். இந்த மாதிரிச் சின்னப் பிராணி தன்னிடம் அதிகம் வருவதில்லை என்று நேராகவே சொல்லி, மண்ணுத்திக்கு எழுதிக் கொடுத்தார். அந்த நேர்மைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். நீங்கள் போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள், ஒரு காகிதத்தில் அன்றைய புழுக்கையை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள், என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்பதைப் பிடி அளவில் சொல்லுங்கள். பட்டினி போட்டுக் கொண்டுபோகாதீர்கள். நாய்க்குச் சொல்கிற அந்த விதி இதற்குப் பொருந்தாது, இதற்கு வாந்தி எடுக்க வராது, வயிறு காலியானால்தான் கெடுதல். வழியெல்லாம் கடித்துக்கொண்டு வர ஒரு பிடி புல் போடுங்கள். முடிந்தால் துணையையும் கூடவே எடுத்துப் போங்கள்.

போன ஆடியில் காற்றும் தூறலுமாக நாலு நாள். காயவைத்த புல் நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு நாள் காயும் பெல்லட்டும் வைத்துச் சமாளித்தேன். தப்பு. மூன்றாம் நாள் காலை கொத்தமல்லிச் சத்தத்துக்கு அவல் திரும்பவில்லை. நிறுத்தேன், ஒரே வாரத்தில் 840 போய் 775. கூண்டில் புழுக்கை பாதிதான் இருந்தது, பொரியை வேறு பெட்டிக்கு மாற்றிப் பார்த்தால் அந்தப் பாதியும் பொரியுடையது. கினிப்பன்றி 12 மணி நேரம் தின்னாமல் இருந்தாலே குடல் நிற்க ஆரம்பிக்கும், ஒரு நாள் தாண்டினால் ஈரலில் கொழுப்பு ஏறும், அப்புறம் பசியே வராது. அத்தை நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். மாட்டுக்கு வயிறு உப்பினால் அப்படித்தான் ஊற்றுவார். "வேண்டாமுங்க அத்தை, இதுக்கு நுரையீரலுக்குப் போயிருமுங்க" என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நிக்காத, கெளம்பு" என்றார்.

மண்ணுத்தியில் எக்ஸ்ரே எடுத்து, வயிற்றில் காற்று அடைத்து உப்பவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றி, வலிக்கும் குடல் அசைவுக்கும் மருந்து கொடுத்தார்கள். வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தால் வாயில் எதையும் ஊட்டக் கூடாது என்பதால்தான் முதலில் அந்தப் படம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பெல்லட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஆறவிட்டு, வடிகட்டிக் கூழாக்கி, ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் ஏற்றினோம். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட என் மகள் அவலைத் துண்டில் சுற்றி மடியில் உட்காரவைத்தாள். நேராக வாய்க்குள் அடிக்கக் கூடாது. முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில், பக்கவாட்டிலிருந்து நுனியை வைத்து, அரை மில்லி விட வேண்டும், அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் அடுத்த அரை மில்லி. இரவு ஏழு மணிக்கு விட்டதில் பாதி தாடையில் வழிந்தது. பத்து மணிக்கு மென்றாள். ஒரு மணிக்கு ஊட்டிவிட்டு மகளைத் தூங்கச் சொன்னேன், போகவில்லை. வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் அவலை விட்டு, புழுக்கை விழுந்தால் தெரியும் என்று டார்ச்சோடு பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு அத்தை தொழுவத்துக்குப் போக எழுந்து வந்தார். மகள் துணியிலிருந்து எதையோ உள்ளங்கையில் எடுத்து டார்ச் வெளிச்சத்தில் நீட்டினாள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, காய்ந்து கறுத்து, ஒரு முனை வால் மாதிரி. பக்கத்தில் இன்னும் இரண்டு.

அத்தை குனிந்து, விரல் நுனியால் ஒன்றை நசுக்கிப் பார்த்தார்.

"ஆரம்பிச்சிருச்சு" என்றார். "வெடியறதுக்குள்ள இன்னொருக்கா ஊட்டு, கண்ணு." பால் போசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.